உங்கள் கணக்கு யார் கையில் இருக்கிறது? – கரிசல் வட்டாரச் சிறுவியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் கடையும் பட்டறையும் மிட்டாய் கம்பெனியும் தீப்பெட்டி ஆபீசும் நடத்தும் உங்கள் அனைவருக்கும் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன்.

உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பேடும் பேரேடும் இருப்பாய்வும் போட்டவர்கள். மற்றவர்களுக்கு என்னைத் தெரியாது. ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை நான். உங்கள் எல்லோரிடமும் நேராகச் சொல்லவேண்டிய ஒன்று நெடுநாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

"உங்க ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் எல்லாம் யார் பாக்கா?" என்று கேட்டால் உங்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான். "ஆடிட்டர் பாத்துக்கிடுவாரு." அவர் சிஏ முடித்தவரா? தெரியாது. எந்த மாதம் வரைக்கும் ரிட்டன் போட்டிருக்கிறார்? தெரியாது. போர்ட்டலில் பதிந்திருப்பது யாருடைய செல்போன் எண்? தெரியாது. பாஸ்வேர்டு? "அவர்கிட்டதான் இருக்கு." ஓடிபி வந்தால் எதற்கென்று பார்க்காமல் எண்ணைப் படித்துச் சொல்லிவிடுகிறீர்கள். பலருக்கு அந்த ஓடிபி வருவதே இல்லை.

நீங்கள் ஏமாளிகள் இல்லை. கடலை மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தாலே எந்த ஊர்க் காடு, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள். பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க எத்தனை ஆள் இருந்தாலும் முதலாளியே அடுப்பருகில் வந்து நிற்கிறீர்கள். அந்த அக்கறையில் கால்பங்குகூட உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் அரசாங்கத்துக்குப் போகும் கணக்கின்மேல் உங்களுக்கு இல்லை. இதுதான் என் ஆதங்கம்.

என் பழைய மாணவர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடலைமிட்டாய் போடுகிறார். கேரளத்துக்கும் சரக்கு போகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பதிவு எடுத்துக்கொடுத்தவர், அவசரத்தில் தன் செல்போன் எண்ணையும் தன் மின்னஞ்சலையுமே கொடுத்துப் பதிந்துவிட்டார். அதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நாட்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சலே கிடையாது. சில ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. பிறகு அவர் வேறு ஊருக்குப் போனார். அலுவலகத்தில் இருந்த பையன் கொஞ்ச நாள் போட்டான், அப்புறம் அவனும் நின்றுவிட்டான். நம்மவர் மட்டும் மாதாமாதம் ஃபீஸை ஜிபே-யில் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேரளத்து மொத்த வியாபாரி போன் செய்து, "உங்க பில்லு எதுவும் எங்க 2பி-யில வரலியே" என்றார். வாங்குபவர் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய வரியைப் போர்ட்டல் காட்டும் பட்டியல்தான் 2பி. போய்ப் பார்த்தால் பதிவே ரத்தாகியிருந்தது. மாத ரிட்டன் தொடர்ந்து ஆறு மாதம் போடாவிட்டால் பதிவை ரத்து செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. யாரும் திறக்காத அந்த மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது.

அவர் என் வீட்டுக்கு வந்தபோது பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கொள்முதல் பில்கள். எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். இப்போதைய மெஷின் பில்லெல்லாம் சூடு பட்டால் எழுத்து மறைகிற தாளில்தானே வருகிறது! நம் ஊர் வெயிலில், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், தகர டின்னுக்குள் கிடந்தால் எழுத்து எப்படி நிற்கும்? வெல்லம் எத்தனை சிப்பம், பெட்டி அடித்தது எவ்வளவு, எதுவுமே படிக்கமுடியவில்லை. அந்த வெள்ளைத் தாள் ஒவ்வொன்றும் அவர் உண்மையாகவே கட்டிய வரி. திரும்ப எடுத்துக்கொள்ள உரிமை இருந்த வரி.

ரத்தை நீக்கக் கேட்டு விண்ணப்பிக்க 90 நாள் தருகிறார்கள். அதற்குள் விட்டுப்போன ரிட்டன் எல்லாம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 50 ரூபாய்க் கணக்கில் தாமதக் கட்டணம் கட்டி (விற்பனைக்குத் தக்கபடி உச்சவரம்பு உண்டு), நிலுவை வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டியும் கட்டவேண்டும். அத்தனையும் கட்டிப் பதிவை மீட்டுவிட்டார். அந்தக் கேரளத்து வியாபாரி மட்டும் திரும்பவில்லை. அவருக்குக் கோவில்பட்டியிலேயே வேறு ஆள் கிடைத்துவிட்டது.

அந்தக் கணக்குக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இப்படி ஒன்று உங்களில் யாருக்கும் நாளைக்கே நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன். 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க் கழிவு காட்டி ரிட்டன் போட்டுக்கொடுத்தவர்களைத் தேடிய சோதனை அது. மொத்தமாக ரிட்டன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உண்டாக்கி, வேலை முடிந்ததும் அவற்றைக் கைவிட்டிருக்கிறார்கள், அதனால் துறை அனுப்பிய நோட்டீசுகள் படிக்கப்படாமலே கிடந்திருக்கின்றன என்று துறையே அப்போது சொன்னது. முந்தைய தேடல்கள் நடந்த மாநிலங்களாகச் சொல்லப்பட்ட பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறக்குறைய 40,000 பேர் தாங்களாகவே ரிட்டனைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள்.

உங்கள் வீட்டில் இருக்கும் சம்பளக்காரர்களும் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஆசிரியர்கள், மில் தொழிலாளர்கள், போலீஸ்காரர்கள், வங்கியில் வேலை பார்க்கும் பிள்ளைகள், எல்லோரையும் சொல்கிறேன். "பிடிச்ச வரியை முழுசா ரீஃபண்ட் வாங்கித் தாரேன், வர்றதுல எனக்கு இத்தனை பர்சென்ட்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். கட்டாத வாடகையும் கொடுக்காத நன்கொடையும் உங்கள் பெயரில் ஏறும். பர்சென்ட் வாங்கியவர் பெயர் எங்கேயும் இருக்காது. பொய்யாகக் காட்டியது நிரூபணமானால் ஏய்த்த வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் போடலாம். அதைக் கட்டப்போவது நீங்கள். லாபத்தில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசக்கூடாது என 1949-ஆம் ஆண்டின் சிஏ சட்டமே பொதுவிதியாக வைத்திருக்கிறது. முறையாகப் படித்த ஒருவர் அப்படிப் பேசமாட்டார்.

சரி, எப்படிப்பட்டவரைத் தேடுவது?

உங்கள் ஊரில் இருப்பவரை, உங்கள் தொழில் தெரிந்தவரைத் தேடுங்கள் என்பதுதான் என் பதில். போனிலேயே எல்லாம் முடிந்துவிடும், சென்னையில் இருந்தால் என்ன, பெங்களூரில் இருந்தால் என்ன என்று உங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும் சம்பளக் கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். உங்கள் கணக்குக்கு ஒத்துவராது. கரிசல் காட்டு வியாபாரத்தில் உள்ள நெளிவுசுளிவுகள் இந்தத் தெருவில் நடப்பவருக்குத்தான் தெரியும்.

பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயியிடம் நேராகப் பருத்தி வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி, விவசாயிக்குப் பதிலாகத் தானே வரியைக் கட்டவேண்டும். 2017 நவம்பரிலிருந்து அதுதான் விதி. பருத்தியையே பார்க்காத ஒருவர் உங்கள் கொள்முதல் சிட்டையைப் பார்த்தால், "விவசாயப் பொருள்தானே, வரி இல்லை" என்று தாண்டிப் போய்விடுவார். உளுந்தும் பாசிப்பயறும் அப்படித்தான். மூட்டையில் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் ஒரு கணக்கு, 25 கிலோ வரையுள்ள பாக்கெட்டில் போட்டு லேபிள் ஒட்டினால் வேறு கணக்கு. 2022 ஜூலை 18-இலிருந்து பாக்கெட்டுக்கு 5 சதவீதம். பிராண்ட் இருந்தால்தான் வரி என்ற பழைய விதியையே மனதில் வைத்துக்கொண்டு பில் போட்ட பலசரக்குக் கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தீப்பெட்டி ஆபீஸ்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5, மற்றவற்றுக்கு 18 என்று பிரித்தார்கள். 2020 ஏப்ரலில் இரண்டையும் 12-க்குக் கொண்டுவந்தார்கள். 2025 செப்டம்பர் 22-இல் வரி விகித அடுக்கையே மாற்றினார்கள், 12 என்ற படியே போய்விட்டது. ஒவ்வொரு முறையும் குடோனில் இருந்த சரக்குக்கு எந்தக் கணக்கு, ஏற்கெனவே பில் போட்ட பண்டலுக்கு எந்தக் கணக்கு என்று உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்தில் ஆள் இருந்தவர்கள் அன்றைக்கே போய்க் கேட்டார்கள். இல்லாதவர்கள் வாட்ஸ்ஆப்பில் வந்ததை நம்பினார்கள்.

காம்பவுண்டிங் முறை பற்றியும் இதே குறைதான். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை உள்ள வியாபாரியும் உற்பத்தியாளரும் 1 சதவீதம் கட்டிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கையும் ஆண்டுக்கு ஒரு ரிட்டனும் போட்டால் போதும். உள்ளூரோடு நிற்கும் கடைக்கு அது நிம்மதியான வழி. அதில் இருந்துகொண்டு வெளிமாநிலத்துக்கு ஒரு பெட்டி மிட்டாய்கூட பில் போட்டு விற்கமுடியாது. வாங்குபவரிடம் வரி வசூலிக்கவும் கூடாது. திருவனந்தபுரத்துக்குச் சரக்கு அனுப்பும் ஆளை, "உங்களுக்கு இதுதான் லேசு" என்று அந்த முறையில் சேர்த்துவிடுகிறார்கள். ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டால், எங்கெல்லாம் விற்கிறீர்கள் என்று கணக்கர் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை.

படிப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். நம் ஊரில் வரிக்கணக்கு பார்க்கும் எல்லோரையும் "ஆடிட்டர்" என்றே கூப்பிடுகிறோம். தணிக்கை செய்து கையெழுத்துப் போடும் உரிமை சிஏ-வுக்கு உண்டு. ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்று துறையில் பதிந்து, தேர்வு எழுதித் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் இல்லாமல், டேலி தெரிந்து, அனுபவத்தில் ரிட்டன் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சின்னப் பெட்டிக்கடைக்கு சிஏ-தான் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சொந்த அனுபவத்தில் நூறு கடையை ஒழுங்காக நடத்திக்கொடுக்கிற கணக்கர்கள் நம் பஜாரிலேயே உண்டு. அவர்களில் சிலர் என் வகுப்புப் பிள்ளைகள், எனக்குப் பெருமைதான். ஆனால் உங்கள் விற்பனை தணிக்கை வரம்பைத் தாண்டினாலும், நோட்டீஸ் வந்து விசாரணைக்குப் போகவேண்டி வந்தாலும், பங்காளிகள் பிரிந்து கணக்கு முடிக்கவேண்டி வந்தாலும் அதற்குத் தகுதியானவரிடம்தான் போகவேண்டும். "நீங்க எதுல பதிஞ்சிருக்கீங்க, உங்க நம்பர் என்ன?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சிஏ-வுக்கு உறுப்பினர் எண் உண்டு. அவர் கையெழுத்திடும் சான்றிதழில் யூடின் என்று 18 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து, சான்றிதழ் உண்மையில் அவர் கொடுத்ததுதானா என்று யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம். போலி முத்திரை குத்திய சான்றிதழைக் கொண்டுபோய் வங்கியில் அவமானப்பட வேண்டியதில்லை.

ஒருவரிடம் கணக்கைக் கொடுப்பதற்கு முன் அவர் வேலையைப் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. உங்களில் பலருக்கு இது தெரியாது. அவரிடம் கணக்கு கொடுத்திருக்கும் கடைகள் எவை என்று பஜாரில் விசாரியுங்கள். அந்தக் கடையில் ஒரு சாமான் வாங்கினால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கும். ஜிஎஸ்டி போர்ட்டலில் பாஸ்வேர்டு எதுவும் இல்லாமலேயே அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். எந்த மாத ரிட்டன் எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற பட்டியல் வரும். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற ரிட்டன் போயிருக்கிறதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவர் என்றால் 22-க்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று கடையைப் பார்த்தாலே ஆளின் ஒழுங்கு தெரிந்துவிடும். அப்படியே உங்கள் எண்ணையும் போட்டுப் பாருங்கள். இந்த மடலைப் படித்து முடித்ததும் செய்யவேண்டிய முதல் வேலை அது.

கணக்கர்கள் பக்கத்து நியாயத்தையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். 20-ஆம் தேதி கடைசி நாள் என்று தெரிந்தே 19-ஆம் தேதி சாயங்காலம் பில் பையைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். பாதி பில் இருக்காது. பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால், "எதுக்கு அதெல்லாம், போன மாசம் மாதிரியே போட்டுவிடுங்க" என்கிறீர்கள். ஃபீஸ் என்று வந்தால் அடுத்த தெருவில் நூறு ரூபாய் குறைச்சல் என்று கிளம்பிவிடுகிறீர்கள். அவர்களும் மனிதர்கள்தானே! இரவெல்லாம் கண்விழித்து, போர்ட்டல் சுற்றிச்சுற்றி நிற்க, அறுபது கடையின் கணக்கை ஒரே நாளில் போட்டால் தப்பு வராமல் என்ன செய்யும்? நல்ல கணக்கர் வேண்டும் என்றால் அவர் நல்லபடி வேலை செய்ய நீங்கள் இடம் கொடுக்கவேண்டும். 5-ஆம் தேதிக்குள் பில்களைக் கொடுங்கள். ஃபீஸ் எவ்வளவு, அதில் எதெல்லாம் அடங்கும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள், ரசீது கேளுங்கள்.

"நமக்கெதுக்கு இதெல்லாம், நாம சின்ன ஆளு" என்று இன்னும் சிலர் நினைக்கிறீர்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். யுபிஐ-யில் வந்த வரவை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு அங்குள்ள வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு நான்கு ஆண்டில் வந்த 1.63 கோடி ரூபாய் வரவுக்காக 29 லட்சம் வரி கேட்டு நோட்டீஸ் போனது. காய்கறிக்கு வரியே கிடையாது. பெங்களூரில் கடைக்காரர்கள் கியூஆர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். கடைசியில் முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிப்பதில்லை, வரம்பைத் தாண்டியவர்கள் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று சொன்ன பிறகுதான் அமளி அடங்கியது. நம் டீக்கடையிலும் இளநீர் வண்டியிலும் அதே கியூஆர் அட்டைதான் தொங்குகிறது. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம், ஓட்டலும் டீக்கடையும் 20 லட்சத்தைத் தாண்டினாலே வேண்டும், வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் இந்த வரம்பெல்லாம் பொருந்தாது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டுப் பணம், சீட்டுப் பணம், மச்சான் அனுப்பிய கைமாற்று எல்லாம் அதே வங்கிக் கணக்கில் விழுந்தால் எது வியாபாரம், எது இல்லை என்று நாளைக்கு யார் பிரித்துச் சொல்வது? கடைக்கென்று தனி கரண்ட் அக்கவுண்ட் திறக்கச் சொல்லி வற்புறுத்தும் கணக்கர் உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை, உங்களைக் காப்பாற்றுகிறார்.

ரிட்டன் போடுவது நோட்டீசுக்குப் பயந்து செய்யும் வேலை என்றே நினைக்கிறீர்கள். அது உங்களுக்கு எழுதப்படும் சான்று என்பதையும் யோசியுங்கள். வங்கியில் கடன் கேட்டால் முதலில் கேட்பது இரண்டு மூன்று ஆண்டு இன்கம்டாக்ஸ் ரிட்டன். அது இல்லாமல்தான் கந்துவட்டிக்காரர் வாசலில் போய் நிற்கிறீர்கள். சொல்லவே மனம் கூசும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்கரச் சாலையில் டூவீலரில் போகிறீர்கள். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நஷ்டஈடு வழக்கில் உங்கள் வருமானம் என்ன என்றுதான் கோர்ட்டு முதலில் கேட்கும். மாதம் நாற்பதாயிரம் சம்பாதித்த மனிதர் என்று உங்கள் வீட்டம்மா அழுதுகொண்டே சொல்வார். எதிர்த்தரப்பு வக்கீல் காகிதம் கேட்பார். உயிரோடு இருக்கும்போது நீங்கள் ஒழுங்காகப் போட்ட ரிட்டன் அப்போது உங்கள் வீட்டம்மா கையில் இருக்கவேண்டும். சின்ன வியாபாரிக்கு அதில் பெரிய பாரமும் இல்லை. இரண்டு கோடி வரை விற்பனை உள்ளவர்கள் ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் வங்கி வழி வந்ததில் 6 சதவீதமும் லாபம் என்று உத்தேசமாகக் காட்டிப் போடலாம் என்ற வழி இருக்கிறது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறியிருக்கின்றன. உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்படும் நேரம் இது.

நான் குடியிருக்கும் ஊரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு நினைவுக்கு வருவது கிஸ்தி. மேடையிலும் சினிமாவிலும் கேட்ட வசனங்கள் நம் காதில் ஊறிப்போய்விட்டன. "கட்டபொம்மன் மண்ணுல்ல, நாங்க வரி கட்டுவமா?" என்று பஜாரில் சிரித்துக்கொண்டே சொல்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு 1798-இல் ராமநாதபுரத்தில் நடந்ததை நினைவுபடுத்த ஆசைப்படுகிறேன். கலெக்டர் ஜாக்சன், நிலுவை 3,310 பகோடா என்று சொல்லிக் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டான். கடைசியில் ராமநாதபுரத்தில் மணிக்கணக்காக நிற்கவைத்தான். கணக்கைச் சரிபார்த்தபோது பெரும்பகுதி ஏற்கெனவே செலுத்தப்பட்டு, 1,080 பகோடாதான் பாக்கி என்று தெரிந்தது. அந்த நாளில் ஏற்பட்ட கைகலப்பில் பிடிபட்ட அமைச்சர் சிவசுப்பிரமணியனார் பின்னால் விடுவிக்கப்பட்டார், ஜாக்சன் வேலையை இழந்தான். அந்நியன் ஆட்சியை ஏற்க மறுத்ததற்காக மறு ஆண்டு கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அது வேறு போர். ஆனால் ராமநாதபுரத்தில் அவர் பக்கம் நின்று பேசியது அவருடைய கணக்கு. இன்றைக்கு ஓர் அதிகாரி உங்களைக் கூப்பிட்டால் உங்கள் பக்கம் நின்று பேச என்ன இருக்கிறது?

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

இந்த மாதத்துக்குள் உங்கள் கணக்கரைப் போய்ப் பாருங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலிலும் வருமான வரி போர்ட்டலிலும் உங்கள் செல்போன் எண்ணும், நீங்களோ உங்கள் பிள்ளையோ தினம் திறக்கும் மின்னஞ்சலும் பதிந்திருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பிராக்டிஷனர் தன் சொந்த நுழைவு எண்ணிலேயே உங்களுக்காக வேலை செய்ய போர்ட்டலில் வழி இருக்கிறது, உங்கள் பாஸ்வேர்டு அவருக்கு வேண்டியதில்லை. பழைய ஆள் எங்கே என்றே தெரியவில்லை என்றால் பான் கார்டையும் தொழில் ஆதாரங்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டாரத்துக்குரிய வரி அதிகாரியிடம் போங்கள். அவர் மூலம் மாற்றித்தர ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ரிட்டனுக்கும் ஒப்புகைத் தாளைக் கையில் வாங்குங்கள். வருமான வரி ரிட்டனைப் போட்ட 30 நாளுக்குள் சரிபார்ப்பும் முடிந்ததா என்று கேளுங்கள், சரிபார்க்காமலே விட்டுவிட்டால் போட்டது கணக்கிலேயே சேராது. வெளிறிப்போகும் பில்களை வந்த அன்றைக்கே போட்டோ எடுத்தோ ஜெராக்ஸ் போட்டோ வையுங்கள். ஆறு ஆண்டுக்கு மேல் வைத்திருக்கவேண்டிய காகிதம் அது.

சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் சேர்ந்து நின்று சாதித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டியை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாக்கினீர்கள். 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023-இல் தடை வாங்கினீர்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு பெற்றீர்கள். வியாபாரிகள் தங்களுக்குள் பொதுநிதியாக மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய சீமை இது. தனியாக ஒரு நல்ல கணக்கருக்கு ஃபீஸ் கொடுக்க முடியாத சின்ன மிட்டாய் கம்பெனிகளும், வீட்டில் வைத்து முறுக்கு, சேவு போட்டு விற்கும் பெண்களும் உங்கள் சங்கத்தில்தான் இருக்கிறார்கள். சங்கமே ஒரு தகுதியான கணக்கரை அமர்த்தி, மாதத்தில் இரண்டு நாள், 5-ஆம் தேதியை ஒட்டியும் 15-ஆம் தேதியை ஒட்டியும், சங்கக் கட்டடத்தில் உட்காரவைத்தால் என்ன? பத்துக் கடை சேர்ந்து ஃபீஸைப் பகிர்ந்துகொள்ளலாம். அவரவர் பாஸ்வேர்டு அவரவரிடமே இருக்கட்டும். தப்பு நடந்தால் கேட்க சங்கம் இருக்கிறது என்ற தைரியம் சின்ன ஆட்களுக்கு வரும். பி.காம் முடித்துவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறும் நம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு அவரிடம் உதவியாளராக வேலையும் கிடைக்கும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். நிறைவேற்ற முடியாது என்று தோன்றினால் ஏன் முடியாது என்றாவது பேசுங்கள். பில்லை எப்படி அடுக்குவது, போர்ட்டலில் என்ன பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், கோவில்பட்டியோ ஓட்டப்பிடாரமோ விளாத்திகுளமோ, கூப்பிட்ட இடத்துக்கு நான் வருகிறேன். எனக்கு ஃபீஸ் வேண்டாம், ஒரு கரும்பலகை மட்டும் வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியை,
பாஞ்சாலங்குறிச்சி